மங்கிப்போன ஹெட்லைட் லென்ஸ்: துலக்குதலும் பூச்சும்

இன்றைய கார்களில் ஹெட்லைட்டின் முகப்பாக இருப்பது கண்ணாடி அல்ல. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டறிந்த பொருள் இது. அதே அளவுள்ள கண்ணாடியின் எடையில் பாதிதான் இருக்கும். சாலையில் தெறிக்கும் ஜல்லி பட்டாலும் எளிதில் சிதறாது. காரின் முகப்பு எப்படி வளைந்தாலும் அதற்கேற்ப வார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1940 முதல் கட்டாயமாக இருந்த சீல்டு பீம் விதி 1983இல் தளர்த்தப்பட்டதும், 1984 மாடல் லிங்கன் கான்டினென்டல் மார்க் 7 பல்பை மட்டும் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் ஹெட்லைட்டுடன் வந்தது. அம்பாசிடரின் வட்டக் கண்ணாடி விளக்கு ஓடிய இந்தியச் சாலைகளிலும் இன்று ஏறத்தாழ எல்லாக் கார்களும் பிளாஸ்டிக் முகப்புடன்தான் வருகின்றன.

பாலிகார்பனேட்டுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது மென்மை: உலர்ந்த துணியில் ஒட்டியிருக்கும் மணலே கீறல் போடப் போதும். இரண்டாவது, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைத் தாங்க முடியாமை: அந்தக் கதிர் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது, அறுந்த இடத்தில் ஆக்சிஜன் சேர்ந்து மஞ்சள் நிறச் சேர்மங்கள் உருவாகின்றன. இந்த இரண்டிலிருந்தும் காக்க, தொழிற்சாலையிலேயே லென்ஸின் வெளிப்புறத்தில் கடினமான தெளிந்த பூச்சு ஒன்று பூசப்படுகிறது. மைக்ரான் கணக்கில் அளக்கும் அளவுக்கு மெல்லிய பூச்சு அது. அது இருக்கும்வரை லென்ஸ் புதிதாகவே இருக்கும்.

ஆனால் பூச்சும் வெயிலில்தான் நிற்கிறது. தமிழ்நாட்டின் கோடை, முன்னால் போகும் லாரி கிளப்பும் மணல், கடலோர ஊர்களின் உப்புக்காற்று, சக்கரம் கழுவும் அமிலக் கரைசல், கார் கழுவும் இடத்தில் ஊற்றும் காரமான சோப்பு என எல்லாமாகச் சேர்ந்து அதை அரிக்கின்றன. முதலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். பிறகு மேல்விளிம்பில், வெயில் நேராக விழும் இடத்தில், வெண்மையாகவோ மஞ்சளாகவோ புகை படியும். கடைசியில் பூச்சு செதில் செதிலாக உரியும். உரிந்த இடத்தில் வெறும் பாலிகார்பனேட் வெளியே தெரியும். அதன்பின் மஞ்சளாவது வேகம் பிடிக்கும்.

ஆக, மங்கல் என்பது அழுக்கு அல்ல, பூச்சின் சாவு. எத்தனை முறை சோப்பு போட்டாலும் அது போகாததற்குக் காரணம் இதுதான். செத்த பூச்சை முழுவதும் எடுப்பது, அடியில் உள்ள பிளாஸ்டிக்கை வழவழப்பாக்குவது, அதன் மேல் புதிய பூச்சு போடுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இந்த வேலை. சந்தையில் விற்கும் பொருள்களின் விளம்பரங்கள் முதல் இரண்டை மட்டும் காட்டி, பளபளப்பு வந்ததும் முடித்துக்கொள்கின்றன. உண்மையான வேலை மூன்றாவதுதான். தேய்ப்பதெல்லாம் அதற்கான முன்னேற்பாடு.

எவ்வளவு வெளிச்சம் போகிறது?

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018இல் வெளியிட்ட சோதனையில், மோசமாக மங்கிய லென்ஸ்கள் லோ பீமில் புது விளக்கின் வெளிச்சத்தில் 22 சதவீதத்தையே தந்தன. துலக்கிய பிறகு ஏறத்தாழ 70 சதவீதம் மீண்டது. மங்கிய லென்ஸால் வரும் தீங்கு வெளிச்சக் குறைவோடு முடிவதில்லை. மேற்பரப்பில் உள்ள குழிகள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. சாலையில் விழ வேண்டிய ஒளி எதிரே வருபவர் கண்ணில் விழுகிறது. ஓட்டுபவருக்கு இருட்டு, எதிரில் வருபவருக்குக் கூச்சம் என்று ஒரே கோளாறு இரண்டு பக்கமும் பாதிக்கிறது.

வெளிச்சம் போதவில்லை என்றதும் பலர் தேடுவது வாட் கூடிய பல்பை. எச்4 வகை விளக்குகள் 60/55 வாட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை; அதில் 100/90 வாட் பல்பைப் போட்டால் உள்ளே வெப்பம் கூடும்; ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கருகும், ஹோல்டர் உருகும், லென்ஸும் உள்ளிருந்தே பழுக்கத் தொடங்கும். சட்டமும் அனுமதிப்பதில்லை. மங்கிய லென்ஸின் பின்னால் எவ்வளவு பெரிய பல்பை வைத்தாலும் சிதறும் ஒளிதான் கூடும்.

முதலில் சோதனை

எல்லா மங்கலும் துலக்கித் தீரக்கூடியதல்ல. எனவே உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் சில நிமிடம் பார்ப்பதற்குச் செலவிட வேண்டும்.

முதலில் அது பிளாஸ்டிக்தானா என்று உறுதி செய்ய வேண்டும். பழைய கார்களிலும் பழைய புல்லட்டிலும் இருக்கும் கண்ணாடி முகப்பில் உப்புத்தாள் போட்டால் கண்ணாடி கெடும், வேறு பயன் இல்லை. நகத்தால் தட்டினால் கண்ணாடி ‘டங்’ என்று ஒலிக்கும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும். லென்ஸின் ஓரத்தில் வார்க்கப்பட்டிருக்கும் ஆங்கில எழுத்துகளும் உதவும்: ‘பி.எல்.’ என்ற குறி பிளாஸ்டிக் லென்ஸ் என்பதைக் குறிக்கிறது. ‘பி.சி.’ என்றால் பாலிகார்பனேட், ‘பி.எம்.எம்.ஏ.’ என்றால் அக்ரிலிக்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. கழுவித் துடைத்த லென்ஸின் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால், கோளாறு வெளிப் பரப்பில்தான் இருக்கிறது, துலக்கினால் சரியாகும். காரணம் எளிது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, பாலிகார்பனேட்டுக்கு ஏறத்தாழ 1.58. குழிகளில் காற்று இருக்கும்போது வித்தியாசம் பெரிதாக இருப்பதால் ஒளி சிதறுகிறது. தண்ணீர் நிரம்பியதும் வித்தியாசம் சுருங்கி, ஒளி ஓரளவு நேராகப் போகிறது. தண்ணீர் தெளித்தும் மாற்றமே இல்லையென்றால் மங்கல் உட்புறத்தில் இருக்கிறது, அல்லது மஞ்சள் ஆழமாக இறங்கிவிட்டது.

மூன்றாவது, வெடிப்பு. லென்ஸைச் சாய்த்து ஒளியில் பார்த்தால் சிலந்தி வலை போன்ற நுண்கோடுகள் தெரியும். பூச்சில் மட்டும் இருப்பவை தேய்த்தால் போய்விடும். பிளாஸ்டிக்கின் உள்ளேயே பளிச்சிடும் கோடுகள் போகாது. அவற்றைத் துரத்தித் துரத்தித் தேய்த்தால் லென்ஸ் மெலிவதுதான் மிச்சம். ரிஃப்ளெக்டர் கருகியிருந்தாலும், உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தாலும் வெளியே துலக்கிப் பயனில்லை.

கடைசியாக ஒன்று: பூச்சு இன்னும் நன்றாக இருக்கிறதா என்பது. மேலாக ஓரிரு மெல்லிய கீறல்களும் பூச்சி எச்சமும் மட்டும் இருக்கும் லென்ஸில் உப்புத்தாளைத் தொடவே கூடாது. தொழிற்சாலைப் பூச்சுக்கு இணையான பூச்சை வீட்டில் போட முடியாது; நல்ல பூச்சைத் தேய்த்து எடுப்பது நஷ்டம். அப்படிப்பட்ட லென்ஸுக்குக் கழுவுதலும் மென்மையான பாலிஷும் போதும்.

செய்யக்கூடாதவை

வீட்டு வைத்தியங்களில் பற்பசைக்குத்தான் அதிகப் பேர். அதில் மெல்லிய அரைப்புத் துகள் இருப்பதால் லேசான மங்கல் சற்றுக் குறையும். அது பொய் இல்லை. ஆனால் செத்த பூச்சை முழுவதும் எடுக்கும் வலு அதற்கு இல்லை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதில் இல்லை. சில வாரங்களில் மங்கல் திரும்பிவிடும்.

எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே ஆகியவற்றைத் தடவியதும் லென்ஸ் பளிச்சென்று ஆவது மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையின் தந்திரம்தான். குழிகளை எண்ணெய் நிரப்புகிறது; வெயிலும் மழையும் அதை எடுத்துவிட்டதும் பழைய நிலை. விற்பனைக்கு நிற்கும் பழைய கார்களில் இந்த வித்தை காட்டப்படுவது உண்டு. வாங்கும் முன் ஹெட்லைட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர விட்டுப் பார்ப்பது நல்லது.

இவை பயனற்றவை என்றால், கொசு விரட்டி ஸ்ப்ரே கெடுதலே செய்யும். அதில் உள்ள ‘டீட்’ என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியது. மேற்பரப்பு இளகி வழவழப்பாகத் தெரியும். பிறகு பிசுபிசுத்து வெடிக்கும். பெயின்ட் தின்னர், அசிட்டோன், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் பாலிகார்பனேட்டின் அருகே போகக் கூடாது. வார்க்கும்போதே பிளாஸ்டிக்குள் இழுவிசை தங்கியிருக்கும். கரைப்பான் பட்டதும் அந்த விசை வெடிப்பாக வெளிப்படும். வெடிப்பு சில நேரம் உடனே தெரியாது, நாள் கழித்துத்தான் தெரியும்.

சூடாக்கிய கிண்ணத்திலிருந்து ஆவியைப் பாய்ச்சி லென்ஸைத் துலக்கும் கருவிகளும் விற்கப்படுகின்றன. சில நொடிகளில் கண்ணாடி போல ஆகும் காட்சி கவர்ச்சியானதுதான். அவற்றில் பயன்படும் திரவங்கள் பெரும்பாலும் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள். சூடான அந்த ஆவி நரம்பு மண்டலத்துக்கும் ஈரலுக்கும் கேடு. பிளாஸ்டிக்கின் மேல்தோலை உருக்கி வழவழப்பாக்குவதால் வெடிப்பு விழும் அபாயமும் உண்டு. வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல இது.

கழுவுதலும் மறைப்பும்

வண்டி நிழலில் நிற்க வேண்டும். லென்ஸ் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, தானாக எரியும் வசதி இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மணலை ஓட விட வேண்டும். பிறகு கார் ஷாம்பூவும் மைக்ரோஃபைபர் துணியும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் வேண்டாம். காய்ந்த பூச்சி எச்சத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊற விட்டால் தானே இளகும். போர் தண்ணீரில் கழுவிக் கழுவி வெயிலில் காயவிட்ட வண்டிகளில் வெள்ளை உப்புக்கறை படிந்திருக்கும். தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசினால் அது போகும். சில வண்டிகளில் ‘மங்கல்’ என்று நினைத்தது இந்தக் கறைதான் என்று இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து மாஸ்கிங் டேப். லென்ஸைச் சுற்றியுள்ள பானெட் விளிம்பு, பம்பர், ஃபெண்டர் எல்லாவற்றிலும் இரண்டு மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். உப்புத்தாள் ஒருமுறை வழுக்கினால் பெயின்ட்டில் கீறல் விழும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு இந்த வேலையின் செலவைவிடக் கூடுதல். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டால் மேல்விளிம்பு எட்டும். மங்கல் அதிகம் இருப்பதும் அங்கேதான். கையுறையும் கண் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் பிளாஸ்டிக் தூசி பறக்கும், கீறலும் ஆழமாகும். வேலை முழுவதும் ஈரத்தில்தான்.

தேய்த்தல்

பெயின்ட் கடைகளிலும் டிங்கரிங் பட்டறைகளிலும் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கிடைப்பதுதான் தேவையான தாள். எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும்: பி1000 தாளில் துகள் சுமார் 18 மைக்ரான், பி2000இல் சுமார் 10 மைக்ரான். பூச்சு உரிந்து மஞ்சளான லென்ஸுக்கு 800இல் தொடங்கி 1000, 1500, 2000, 3000 என்று ஏற வேண்டும். நடுத்தர மங்கலுக்கு 1000 அல்லது 1500இல் தொடங்கலாம். தயங்கும்போது மெல்லிய தாளில் தொடங்கிப் பார்ப்பது பாதுகாப்பு. போதவில்லை என்றால் கரடான தாளுக்கு இறங்கலாம். கரடான தாள் போட்ட கீறலைத் திரும்ப எடுக்கத்தான் பாடு.

தாளைத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச் கட்டையில் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தினால் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து பள்ளம் விழும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரோடு ஒரு சொட்டு ஷாம்பூ கலந்து தொடர்ந்து தெளித்துக்கொண்டே, இடமும் வலமுமாக நேர்கோட்டில், லேசான அழுத்தத்துடன் தேய்க்க வேண்டும்.

வழியும் நீரைக் கவனித்தால் வேலையின் நிலை தெரியும். தொடக்கத்தில் மஞ்சள் கலந்த பாலாக வழியும். செத்த பூச்சும் மஞ்சளான பிளாஸ்டிக்கும் வெளியேறுகின்றன. மஞ்சள் மறைந்து வெண்மையாக மட்டும் வழியத் தொடங்கினால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. அவ்வப்போது துடைத்து உலர்த்திப் பார்க்க வேண்டும். ஈரத்தில் எல்லாமே தெளிவாகத் தெரிந்து ஏமாற்றும். சரியாகத் தேய்த்த லென்ஸ் உலர்ந்ததும் முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் பூத்தது போல இருக்கும். அதில் தீவு போலப் பளபளக்கும் திட்டுகள் தெரிந்தால் அங்கே பழைய பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். அந்தத் திட்டை அப்படியே விட்டு மேலே போனால், பாலிஷ் முடிந்த பிறகு வரைபடத்தின் கடற்கரை போல அதன் விளிம்பு தெளிவாகத் தெரியும். புதிய பூச்சும் அங்கே ஒட்டாது. முதல் தாளிலேயே பழைய பூச்சு முழுவதும் போயாக வேண்டும். மொத்த நேரத்தில் பாதியை முதல் தாளுக்குக் கொடுத்தாலும் தவறில்லை.

அடுத்த தாளுக்குப் போகும் முன் லென்ஸையும் கட்டையையும் நன்றாக அலச வேண்டும். பழைய தாளின் ஒரு துகள் மிஞ்சினாலும் நீளக் கீறல் விழும். திசையை மாற்றிக்கொள்வதும் பயனுள்ள பழக்கம்: 1000 தாளில் இடவலமாகத் தேய்த்திருந்தால் 1500இல் மேலும் கீழுமாக. முந்தைய திசைக் கோடுகள் எல்லாம் மறையும்வரை அந்தத் தாளை விடக் கூடாது. ஒரு தாளைத் தாண்டிக் குதித்தால், மிஞ்சிய கோடுகள் இரவில் பல்ப் எரியும்போது பளிச்சென்று தெரியும்.

பாலிஷ்

3000 தாள் முடிந்ததும் லென்ஸ் பால்வண்ண மூட்டத்தோடு, ஆனால் தொட்டால் பட்டு போல இருக்கும். இனி ரப்பிங் காம்பவுண்டும் அதன்பின் மெல்லிய பாலிஷும். பிளாஸ்டிக்குக்கென்றே வரும் பாலிஷ் நல்லது. பெயின்ட்டுக்கான மென்மையான காம்பவுண்டும் வேலை செய்யும்.

கையால் செய்தால் நேரமும் தோள்வலியும் ஆகும், ஆபத்தில்லை. டிரில் மெஷினில் மூன்று அங்குல ஸ்பாஞ்ச் பேட் மாட்டிச் செய்வோர் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். பாலிகார்பனேட் 147 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். ஒரே இடத்தில் நின்று சுழலும் பேடின் அடியில் மேற்பரப்பு அந்த வெப்பத்தை எட்டிவிட முடியும். எட்டினால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் இழுபட்டு நெளியும். அதைத் திரும்ப எடுக்க மீண்டும் 1000 தாளுக்கு இறங்க வேண்டியதுதான். குறைந்த வேகம், லேசான அழுத்தம், நகர்ந்துகொண்டே இருக்கும் கை ஆகிய மூன்றும் போதும். இடையிடையே புறங்கையால் தொட்டுப் பார்க்க, வெதுவெதுப்புக்கு மேல் சூடு இருந்தால் நிறுத்த வேண்டும். முனைகளிலும் மடிப்புகளிலும் மெஷினை விடுத்துக் கையால் முடிப்பது நல்லது.

பூச்சு

பாலிஷ் முடிந்த லென்ஸ் புதிது போலத் தோன்றும். ஆனால் இந்தக் கட்டத்தில்தான் அது முன்னெப்போதையும் விடப் பாதுகாப்பற்று இருக்கிறது: வெறும் பாலிகார்பனேட், மேலே எதுவும் இல்லை. இப்படியே வெயிலில் விட்டால் சில மாதங்களிலேயே மஞ்சள் திரும்பும். “ஹெட்லைட் பாலிஷ் போட்டோம், நிற்கவில்லை” என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எனவே பூச்சும் அதே நாளில் போட்டுவிட வேண்டும்.

எந்தப் பூச்சானாலும் முதலில் பாலிஷின் எண்ணெய்ப் பசை போக வேண்டும். தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் எடுத்து விரைவாகத் துடைத்து உலரவிடுவது வழக்கம். பூச்சோடு வரும் துடைப்புத் திரவம் இருந்தால் அதுவே மேல். விரல் ரேகை பட்டாலும் பூச்சு அங்கே பிடிக்காது.

வீட்டில் செய்பவருக்கு எளிமையானது, துணியால் தடவும் புற ஊதா தடுப்புப் பூச்சு. டப்பாவில் சொன்ன முறைப்படி ஒரே திசையில், ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும் கீற்றுகளாக இழுக்க வேண்டும். போட்ட இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினால் கோடு விழும். சிலர் செராமிக் கோட்டிங் போடுகிறார்கள். வழவழப்பும் நீர் வழிதலும் நன்றாக இருக்கும். ஆனால் எல்லா செராமிக் கோட்டிங்கும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதில்லை. டப்பாவில் அது தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே இதற்கு உதவும். மெழுகு பாலிஷ் இவற்றுக்கு மாற்று அல்ல. சில வாரங்களில் போய்விடும்.

நீடித்து உழைப்பது, கடினப்படுத்தியோடு கலக்கும் இரட்டைக் கலவை கிளியர் கோட். கார் பெயின்ட்டின் மேல் அடிப்பதும் அந்த வகைதான். புற ஊதா தடுப்பு உள்ளது, பிளாஸ்டிக்குக்குப் பொருந்தும் என்று எழுதியிருக்கும் வகையைத் தேர்ந்தால் வருடக் கணக்கில் நிற்கும். இதற்குப் பாலிஷ் போட்டு வழவழப்பாக்கக் கூடாது. பூச்சு பிடிக்க மெல்லிய சொரசொரப்பு வேண்டும். பூச்சின் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணிலேயே தேய்ப்பை நிறுத்திவிட, மிச்சக் கோடுகளைக் கிளியர் கோட்டே நிரப்பித் தெளிவாக்கும். தடித்த ஒரே அடுக்கு வழியும். மெல்லிய சில அடுக்குகளே சரி.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. அதைச் சிறிதாக நினைக்கக் கூடாது. அந்தக் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் நுண்துளி மூச்சில் போனால் ஆஸ்துமா உண்டாக்கும்; உடலுக்கு ஒருமுறை அதன் ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைத் தூண்டிவிடும். துணி முகமூடியும் மருத்துவ முகமூடியும் இதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசமும் ஸ்ப்ரே பூத்தும் உள்ள பெயின்ட் பட்டறையில் கொடுத்துச் செய்வதே முறை. தேய்ப்பு வேலையை வீட்டில் முடித்து, கிளியர் கோட்டை மட்டும் பட்டறையில் அடித்துக்கொண்டால் செலவும் குறையும்.

இன்னொரு வழி பி.பி.எஃப். எனப்படும் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டுவது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, நடுவிலிருந்து விளிம்புக்குத் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும். வெயிலையும் ஜல்லியையும் சேர்த்துத் தாங்கும். மங்கினால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். புது கார் வாங்கியதுமே ஒட்டினால் தொழிற்சாலைப் பூச்சைத் தேய்க்கும் நிலையே நெடுநாள் வராது. கறுப்புச் சாயல் படலத்தை மட்டும் தவிர்க்க வேண்டும்: வெளிச்சமும் போகும், சட்டச் சிக்கலும் வரும்.

எந்தப் பூச்சுக்கும் ஈரப்பதமும் தூசியும் பகை. மழைக்காலத்திலும், காற்றில் புழுதி பறக்கும் நேரத்திலும் போடக் கூடாது. டப்பாவில் சொன்ன நேரம்வரை தண்ணீரும் பனியும் படாமல் வண்டி கூரையின் கீழ் நிற்க வேண்டும்.

டெயில் லேம்ப்

பின்விளக்குகளும் இண்டிகேட்டர்களும் பெரும்பாலும் அக்ரிலிக். அது வெயிலில் எளிதில் மஞ்சளாவதில்லை. அங்கே மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கீறல்கள்தான். 2000, 3000 தாளும் பாலிஷும் போதும். நிறம் பொருளிலேயே கலந்திருப்பதால் தேய்த்தாலும் வெளுக்காது. கவனிக்க வேண்டியது ஒன்று: அக்ரிலிக்கில் ஆல்கஹால் படக் கூடாது, பட்டால் நுண்வெடிப்பு விழும். பாலிஷ் பசையைச் சோப்புத் தண்ணீரால்தான் எடுக்க வேண்டும்.

உள்ளே ஈரம்

மழையிலோ கழுவிய பிறகோ லென்ஸின் உட்புறம் லேசாகப் பனி பிடித்து, விளக்கு எரிந்ததும் மறைந்தால் கோளாறு இல்லை. ஹெட்லைட்டுக்குக் காற்று போய்வரத் துளை உண்டு. அதன் வழி ஈரக்காற்றும் வரும். அந்தத் துளையைச் சிலிகானால் அடைப்பது பெரிய பிழை; உள்ளே போன ஈரம் வெளியே வரவே முடியாமல் போகும். துளியாக வழிந்து அடியில் தேங்கினால் பல்பின் பின்னால் உள்ள ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பல்ப் மாற்றியவர் மூடியைப் பாதியில் விட்டிருப்பார். மூடியைத் திறந்து வைத்து நிழலில் காயவிட்டு, புது மூடி போட்டால் சரியாகும். லென்ஸ் ஒட்டியிருக்கும் விளிம்பு விட்டிருந்தால் விளக்கைச் சூடாக்கிப் பிரித்து ஒட்ட வேண்டியிருக்கும். அது பழகிய கையின் வேலை.

மாற்ற வேண்டிய நேரம்

உள்வெடிப்பு, கருகிய ரிஃப்ளெக்டர், விளக்கைப் பொருத்தும் காது உடைந்திருப்பது ஆகியவற்றுக்குத் துலக்குதல் மருந்தல்ல. ஏற்கெனவே பலமுறை தேய்க்கப்பட்டு, பூச்சு எதுவும் நிற்காத லென்ஸும் அப்படித்தான். மாற்றும்போது விலையை மட்டும் பார்த்து வாங்கும் வெளிச்சந்தை விளக்குகளில் சில, ஒளியை வேறு வடிவில் வீசும். சிலவற்றின் பூச்சு சீக்கிரம் போகும். கார் நிறுவனத்தின் அசல் பாகம், அல்லது அந்த நிறுவனத்துக்கே விளக்கு செய்து கொடுப்பவரின் பாகம் கிடைத்தால் அதை வாங்குவதே லாபம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு விளக்கின் வெளிச்சமும் ஒத்துப்போகாது. மறுபக்கத்தையும் அதே நேரத்தில் துலக்கிவிட வேண்டும்.

பராமரிப்பும் பீம் சரிபார்ப்பும்

பூச்சு போட்ட லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது. கழுவும்போது காருக்கு முன் ஹெட்லைட்டின் மணலைத் தண்ணீரால் ஓட விட வேண்டும். நிறுத்தும்போது முகப்பு மேற்கு வெயிலைப் பார்க்காமல் நிறுத்துவது செலவில்லாத பாதுகாப்பு. தடவும் வகைப் பூச்சானால் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் மறுபடி தடவ வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் படரத் தொடங்கினால் அந்த நேரம் வந்துவிட்டது.

வேலை முடிந்ததும் லோ பீமின் உயரத்தைப் பார்க்க வேண்டும். மங்கலாக இருந்தபோது கண்டுகொள்ளாத தவறு, தெளிந்த லென்ஸில் எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். சமதளத்தில், டயர் காற்று சரியாக இருக்க, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் குறிக்க வேண்டும். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் குறிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழுவது பல கார்களுக்குப் பொருந்தும். சரியான அளவு விளக்கின் அருகே சதவீதமாக ஒட்டப்பட்டிருந்தால் அதையே கொள்ள வேண்டும். இந்தியாவில் வாகனங்கள் இடப்பக்கம் செல்வதால் அந்த விளிம்பு இடக்கோடியில் சற்று மேலேறி இருக்கும். அது கோளாறு அல்ல. இரண்டு விளக்கின் விளிம்பும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் பின்னால் உள்ள திருகால் சரிசெய்யலாம். சுவர் கிடைக்காத இடத்திலும் சந்தேகம் இருந்தாலும் பீம் செட்டர் உள்ள பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம்.